பெண் இடப்பக்கம் உட்கார்ந்த கல்யாணப் படம்

பெயர் ஹில்டா. கணவர் பெயர் ஆம்புரோஸ். வயது 43. மதம் கத்தோலிக்கம். தொழில் தையல் மெஷின் பழுது பார்ப்பது. இருப்பிடம் ஈப்போ, குனோங் ராபாட். 1979ஆம் ஆண்டு ஜூலை மாதம் காவல் நிலையத்தில் நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சதாசிவம் எழுதிக்கொண்டது.

பொய்யாகத் தயாரித்தது என்று புகாரில் சொல்லப்படும் கல்யாணப் படம் எங்கள் வீட்டு என்லார்ஜரில் போட்டதுதான். என்லார்ஜர் என்பது சின்ன நெகட்டிவில் இருப்பதைக் காகிதத்தில் பெரிதாக விழவைக்கும் கருவி. 1972இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றபோது, துரை பங்களாவின் பின்னால் கிடந்த அதை என் கணவர் கேட்டு வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். லென்ஸும் நிற்கும் தூணும் தவிர மற்றதெல்லாம் பாழாய்ப் போயிருந்தது. ஆம்புரோஸுக்குப் படம் எடுக்கத் தெரியும், ஒரு ஸ்குரூவை நேராக முடுக்கத் தெரியாது. ஆகவே அதை நான்தான் பழுது பார்த்தேன்.

லென்ஸுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்தியை எலி தின்றிருந்தது. கறுப்புக் குடைத் துணியை இரண்டாக வைத்து, நடுவில் ரப்பர் பால் தடவி, காய்ந்த பிறகு மெஷினில் தைத்துப் புதுத் துருத்தி போட்டேன். வீடு நாறியது, ஆனால் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை. அதன் பிறகு ஏற்றி இறக்கும் திருகுக்குப் பழைய தையல் மெஷினின் சின்னச் சக்கரத்தைப் பொருத்தினேன். அதன் பிறகு நெகட்டிவைப் பிடிக்கும் தட்டை பிஸ்கட் டின்னில் வெட்டி அரத்தால் ராவிச் செய்தேன். அதன் ஓட்டையை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். பிலிமின் ஓரமும் அதில் அச்சான எண்ணும் சேர்ந்து விழும், யாருடைய தலையும் வெட்டுப்படாது. அந்தக் கருவியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

1974இல் லாரி ஓட்டுநர் ஜெயபாலனுக்கும் என்னிடம் தையல் மெஷின் வாங்கிய நவமணிக்கும் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். படம் எடுத்தவர் என் கணவர். தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதை அவரே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். ஜெயபாலனின் அண்ணன் கார்த்திகேசு அந்தப் பெண் வேண்டாம் என்று தம்பியிடம் சண்டை போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை.

இந்த வருடம் ஜெயபாலன் லாரி விபத்தில் இறந்து போனார். காரியம் முடிந்த பிறகு கார்த்திகேசு அவர்களுடைய நான்கு வயது மகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நீ என் தம்பிக்கு மனைவியே இல்லை, பிள்ளை எங்கள் பிள்ளை, நீ போகலாம் என்று நவமணியிடம் சொல்லியிருக்கிறார். பூசாரி காலமாகிவிட்டார். தோட்டத்து ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். அவள் கையில் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். அதைக் காட்டியதும் கார்த்திகேசு போலீசில் புகார் கொடுத்தார். அதன் பிறகு போலீசார் எங்கள் என்லார்ஜரையும் நெகட்டிவ்களையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இன்று காலை என்னையும் நவமணியையும் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் கேட்டபோது கார்த்திகேசு சொன்னது: "தாலி கட்டுறப்ப பொண்ணு மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருக்கணும். இதுல இடப்பக்கம் இருக்கு. தகர டின்னுல செஞ்ச மெஷின்ல எதையும் எதோடயும் ஒட்டிக்கலாம்லா."

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு எனக்குக் கோபம் வந்தது. நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் எண் வலம் இடமாக விழுந்திருந்தது. நிலையத்துச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினேன், எண் நேராகத் தெரிந்தது, பெண்ணும் வலப்பக்கம் வந்துவிட்டாள். என் கணவர் நெகட்டிவைப் புரட்டிப் போட்டுவிட்டார். எந்தக் கம்பெனிக் கருவியும் புரட்டிப் போட்டதைத் திருப்பித் தராது. எங்கள் மாதா கோயிலில் பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம்தான் நிற்பாள், அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நீயாவது கவனிக்கவில்லையா என்று நவமணியைக் கேட்டேன்.

"நான் அவரு மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் அக்கா" என்றாள்.

அப்படியும் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. எல்லார் முன்னாலும் மறுபடி போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஏன் முடியாது என்றேன். சாமான் அறையின் ஜன்னலைக் கம்பளியால் மூடினார்கள். என் கணவர் வீட்டிலிருந்து சிவப்பு பல்பும் படம் கழுவும் மருந்தும் காகிதமும் தட்டுகளும் கொண்டு வந்தார். நெகட்டிவ் ஒட்டில்லாத ஒரே துண்டு என்பதை இன்ஸ்பெக்டர் தடவிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அதை நானே சரியான பக்கமாக வைத்துப் படம் போட்டேன். மருந்துத் தட்டில் முதலில் கறுப்புக் கரையும் எண்ணும் வந்தன, அதன் பிறகு தலைமயிர், அதன் பிறகு மாலை, கடைசியாக முகங்கள். நவமணி வலப்பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயபாலன் தாலியைப் பிடித்தபடி யாரையோ தேடுவதுபோல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகேசு தட்டின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போட்ட பிறகு என்னிடம் வந்து, "எனக்கும் ஒன்னு போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர்மேல் இருந்த கோபம் அப்போது எனக்குப் போய்விட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"தாரேன் அண்ணே. நீங்க போயி புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள நான் போட்டு வைக்கிறேன்" என்றேன்.

அவர் போனார். நவமணி நிலையத்து வாசற்படியை விட்டு நகரவில்லை, தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. மதியத்துக்குள் அவர் குழந்தையை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பி வந்தார், அதன் துணி மூட்டையும் பின்னால் கட்டியிருந்தது. குழந்தையை அவரே தூக்கி நவமணி கையில் கொடுத்தார். நான் படத்தை அவரிடம் கொடுத்தேன். அது இன்னும் காயவில்லை. அவர் மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

நான் கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் தவிர இதில் வேறெதுவும் இல்லை. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. என்லார்ஜரைத் துருத்தி கிழியாமல் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஹில்டா ஆம்புரோஸ்