கழுவுனா போயிடுது

இல்லண்ணே, மெஷின்லதான் கோளாறு! ரிப்பேர் பாக்க வந்துட்டு, ரெண்டு மணி நேரமா கழட்டி மாட்டிட்டு, ஒண்ணுமில்லன்னு தலையாட்டுனா ஆச்சா? முள்ளு சைபர விட்டு அசைய மாட்டேங்குதே! நாலு நாளா இதே கூத்து.

என் வேலை என்னன்னு தெரிஞ்சாத்தான வயித்தெரிச்சல் புரியும்? இந்தக் கண்ணாடித் துண்டு மேல துத்தநாக ஆக்சைடு பூசியிருக்கு, பிலிம்னு சொல்லுவோம். அவ்ளோ மெல்லிசு. அதுக்கு ப்ளஸ் சார்ஜ். கரைசல்ல இருக்கற புரதத்துக்கு மைனஸ். முக்கி வெச்சா பசையே வேணாம், தானா ஓடிப்போய் ஒட்டிக்கும். என் நாத்தனார் வீட்டுக்காரரும் அப்படித்தான், அவ எங்க போனாலும்... சரி, அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன். ஒட்டாம நிக்கறத சுத்தத் தண்ணியால கழுவிட்டு மெஷின்ல வெச்சா, ஒட்டுனது எவ்ளோன்னு முள்ளு காட்டணும். காட்டுதா? காட்டலியே!

உப்பு மட்டும் படக் கூடாது. உப்பு நடுவுல பூந்துட்டா ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் பிடிப்பு விட்டுப்போயிடும், புரதம் கழண்டு தண்ணியோட போயிடும். எனக்கா தெரியாது? பதினோரு வருஷ சர்வீஸுண்ணே!

எங்க லேப் டைரக்டரம்மா என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பிலிமாவது சரியா வரலேன்னா என்னை ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவாங்களாம். அங்க ஆளே கிடையாதுண்ணே! அட்டைப்பெட்டி கிட்டயா நான் பேசறது? நெனச்சாலே பயமா இருக்கு. மிச்சம் இருக்கறதே இந்த ஒரே பிலிம்தான். ஊறி முடிஞ்சாச்சு, இனி கழுவணும்.

இருங்க, தொண்டை கம்முது. பேச்சக் குறைங்கறார் எங்க வீட்டுக்காரர். நான் என்ன பேசிட்டேன்? கொப்பளிக்கறதுக்குன்னு திங்கக்கிழமை உப்புத் தண்ணி கலக்கி வெச்சேன். இங்க சொந்த பாட்டில் கொண்டாரக் கூடாதுன்னு சட்டம் வேற. அதான் மூளையைப் போட்டு, பிலிம் கழுவற பாட்டில் மாதிரியே ஒண்ணுல ஊத்தி, அது பக்கத்துலயே வெச்சுட்டேன். யாருக்குத் தெரியும்! எனக்கு இடது, பிலிமுக்கு வலது. இல்ல... எனக்கு வலதா? என்னத்தக் கொப்பளிச்சு என்ன, தொண்டை தேறல. சளியில நாக்கும் செத்துப்போச்சு, உப்பே தெரியல...

என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு பாட்டிலையும் எதுக்கு எடுக்கறீங்க? கண்ணாடில ஒரு ஒரு சொட்டு விட்டு... சூட்டுத் தட்டுல வெச்சு... காஞ்சு போச்சு. ஒண்ணு மட்டும் வெள்ளையாப் பூக்குதே. அது நான் பிலிம் கழுவற...

ஐயய்யோ!

அப்ப தொண்டைக்கு சுத்தத் தண்ணி, பிலிமுக்கு உப்புத் தண்ணியா? ஒட்டுனதையெல்லாம் நாலு நாளா என் கையாலயே கழுவி விட்டிருக்கேனே! கொண்டாங்க அந்த... வேணாம், அது நான் வாய் வெச்ச பாட்டில். புதுசாப் பிடிக்கறேன். மெதுவா... மெதுவா... கழுவி மெஷின்ல வெச்சாச்சு.

அசையுது! அண்ணே, முள்ளு அசையுது! இருபது... நாப்பது... தப்பிச்சேன்! ஸ்டோர் ரூமாவது ஒண்ணாவது! இந்த சந்தோஷத்துல அந்த நாத்தனார் கதையச் சொல்லிடறேன், கேளுங்க...

அண்ணே? அண்ணே! போயிட்டாரா? சொல்லிக்காம கொள்ளாம... அடடே, டூல்ஸ் பெட்டிய இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரே!

நல்லதாப் போச்சு. எடுக்க வந்துதான ஆகணும்.