மேசை மேல் இருந்த கல்

— பொய் சொல்லாத அங்கம்மா. இந்த ரப்பர் தோட்டத்து ஆபீசு ஜன்னல் கண்ணாடிய ஒடச்சது எந்த லயத்து வீட்டுச் சனம்?

— மேட்டு லயந்தானுங்க கிராணியாரய்யா. வேற யாரு?

— மேட்டு லயத்துல கேட்டா, உங்க பள்ளத்து லயம்னு சொல்றாங்க.

— சொல்லுவாங்க. பொய்யச் சொல்லியே வளந்தவங்க.

— சரி. உங்க சண்டை எதுலதான் ஆரம்பிச்சுச்சு?

— பைப்புலங்க. எங்க பானைக்கு முன்னால அவங்க பானைய வச்சாங்க.

— போன மாசம் சேவல்னு சொன்ன.

— சேவலுந்தான். அந்தப் பானை மேலதான் சேவல் உக்காந்திருந்துச்சு.

— ம்... எழுதிக்கிறேன். 'தண்ணீர்... மற்றும் சேவல்.'

— இதெல்லாம் எதுக்குங்க எழுதுறீங்க? ஆயாக்கொட்டகையில பதினோரு புள்ளைங்கள போட்டுட்டு வந்திருக்கேன்.

— துரை ரிப்போர்ட் கேட்டிருக்காரு. ரெண்டு லயமும் ஏன் இப்படி அடிச்சிக்குது, எப்ப சமாதானம் ஆகும்னு. இன்னிக்கிச் சாயங்காலம் குடுக்கணும்.

— சமாதானமா...? அதெல்லாம் ஆகாதுங்க.

— ஏன் பதறுற?

— பதறலீங்க. மேட்டு லயத்துக்காரன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது, அவ்வளவுதான்.

— அதத்தான் இந்தப் பொஸ்தகமும் சொல்லுது. சிங்கப்பூர்லருந்து தருவிச்சேன். லாயாங் லாயாங் ஸ்டேஷன்ல வந்து எறங்குன நாள்லருந்து மூணு வருஷமா இதத்தான் படிக்கிறேன். நாடும் நாடும் ஏன் சண்டை போடுதுன்னு ஒரு வெள்ளக்காரப் பேராசிரியர்...

— அவரு யாருகூட சண்டை போட்டாரு?

— குறுக்கப் பேசாத! நாடுங்கறது, இந்தா இந்தக் கல்லு மாதிரி...

— ஜன்னல்ல வந்து விழுந்த கல்லா? அதையா மேசை மேல வச்சிருக்கீங்க?

— காத்துல காகிதம் பறக்குது, வேற என்ன செய்ய? கேளு. ஒரு நாட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமாம். எவ்வளவு எடை, எவ்வளவு கிட்டத்துல கெடக்குதுன்னு பாத்தாப் போதுமாம். பழைய கதை வேணாம். யாரு யாருக்குச் சொந்தம், யாரு வீட்டுல யாரு சாப்புட்டாங்க, ஒண்ணும் வேணாம்.

— நான் தேங்காயவே காதுகிட்ட ஆட்டிப் பாத்துத்தான் வாங்குறேன்.

— இது தேங்கா இல்ல அங்கம்மா. ஜெனீவா.

— அது எந்தப் பக்கம்? கூலாய் தாண்டியா?

— ரொம்ப தாண்டி. எல்லா நாடும் அங்க கூடி, இனிமே சண்டையே வேணாம்னு சங்கம் வச்சிருக்கு.

— நின்னுச்சா?

— ...பேசிக்கிட்டு இருக்காங்க.

— நாங்களுந்தான் பைப்படியில பேசுறோம். அதுக்கு ஊர் விட்டு ஊர் போகணுமா?

— அந்த மாதிரி நாமளும் செஞ்சா என்ன? ரெண்டு கங்காணியும் இந்த மேசையில கைநாட்டு வைக்கட்டும். ரெண்டு லயமும் சேந்து ஒரு பொங்கல்...

— ஐயோ சாமி! பொங்கல் மட்டும் வேணாங்க!

— ஏன்? சக்கரை ஆகாதா?

— ...பக்கத்துத் தோட்டத்துல சேந்துதான் வச்சாங்க. முப்பதாம் வருஷம். அவங்க துரையே வந்து கரும்பு கடிச்சாரு. ஐப்பசிக்குள்ள ஒரு லயத்துக்குப் பூட்டு. ரப்பருக்கு வெல இல்லேன்னு சொல்லி, பாதிச் சனத்தக் கப்பல் ஏத்திட்டாங்க. என் தங்கச்சியும் அதுலதான் போனா.

— இப்ப எந்த ஊர்ல இருக்கா?

— நாகப்பட்டணத்துல அவ டிரங்குப் பொட்டி மட்டுந்தான் எறங்குச்சுங்க.

— இந்தா, தண்ணி குடி.

— வெயில் ஏறுது. நான் போகவா?

— உக்காரு. இந்தப் பொஸ்தகத்தையும் பாத்துட்டுப் போ.

— எனக்கு எங்க படிக்கத் தெரியும்?

— இது பேராசிரியர் பொஸ்தகம் இல்ல. டிரஸ்ஸர் மைக்கலோட ஆஸ்பத்திரிப் பொஸ்தகம். போன தையில இங்க சமாதானக் கூட்டம் போட்டேனே, கல்லு வந்து விழுந்து எல்லாரும் ஓடுனாங்களே, அன்னிக்கி யாருக்காவது அடிபட்டுச்சான்னு பாக்கப் போனேன். இதுவரைக்கும் பதினேழு சண்டை. கம்பு, கத்தி, அம்மிக்கொழவி. கட்டுப் போட்டது எத்தன பேருக்குத் தெரியுமா?

— ...நெறைய இருக்கும்.

— ஒருத்தன். லெட்சுமணன். பலாக்கா நறுக்கயில வெரல் வெட்டு.

— பாவம்.

— லெட்சுமணன் பள்ளத்து லயம். பலாக்கா, மேட்டு லயத்து அய்யாவு வீட்டுப் பலாக்கா.

— ...திருடப் போயிருப்பான்.

— திருடப் போனவன் உக்காந்து நறுக்கிக் குடுப்பானா? ஆயாக்கொட்டகையில மேட்டு லயத்துப் புள்ளையும் பள்ளத்து லயத்துப் புள்ளையும் ஒரே தொட்டில்ல தூங்குது. ஆட்டுறது நீ.

— அதுங்களுக்குச் சண்டை போடத் தெரியாதுங்க. பல்லு மொளைக்கட்டும்.

— கப்பல் போனது ஐப்பசி. உங்க மொத சண்டை அதே வருஷம் கார்த்திகை.

— புள்ளைங்க அழும், நான் வாரேங்க.

— நீங்க ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டு இருந்தா துரைக்கு நிம்மதி. ஒண்ணாயிட்டா பயம், பாதியக் கப்பல் ஏத்திருவாரு. அதானே? இது அவரு பொஸ்தகத்துல எந்தப் பக்கத்துலயும் இல்ல அங்கம்மா. பழைய கதையும் பலாக்காயும் வேணாம்னு அந்தப் பேராசிரியர் கல்ல மட்டும் எடை போட்டுட்டாரு.

— ஐயா... இத ரிப்போர்ட்டுல எழுதிறாதீங்க. நாப்பது குடும்பம். உங்க கால்ல...

— எழுந்திரு, எழுந்திரு! ரிப்போர்ட்ட காலையிலயே குடுத்தாச்சு.

— சாயங்காலம்னு சொன்னீங்களே!

— நீ சேவல்னு சொன்னியே.

— என்னங்க எழுதுனீங்க...?

— பேராசிரியர் சொன்ன மாதிரியேதான். 'இவை இரண்டு கற்கள். எந்நாளும் உரசிக்கொண்டே இருக்கும். ஒன்றை அகற்றினால் மற்றது துரையவர்களின் பக்கம் உருளும்.' துரை ரெண்டு தடவ படிச்சாரு. ரெண்டு லயமும் இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.

— ரெண்டுமா... ரெண்டு லயமுமா?

— அழாத.

— அழலீங்க. வேர்வை.

— ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. தண்ணிக்குச் சண்டைன்னு நடிச்சு ஒரு துரையவே ஏமாத்துற மூளை இந்தத் தோட்டத்துல யாருக்கு?

— உங்களுக்குத்தானுங்க.

— எனக்கா?

— நீங்க சாப்புடுறப்பல்லாம் கல்லு, எடைன்னு பேசுவீங்களாம்ல. கெர்ட்ரூடம்மா பைப்படிக்கு வந்து சொல்லுவாங்க. தங்கச்சி பொட்டி வந்த சேதி கேட்டு வந்தப்பதான், இப்படிச் செஞ்சா என்னன்னு கேட்டாங்க.

— சேசுவே! என் பொஞ்சாதியா? நான் பேசுனா கொட்டாவி விடுவாளே!

— வாயத் தொறந்தாலும் காத மூட மாட்டாங்கய்யா. எந்த மாசம் எதுக்குச் சண்டைன்னு ஒத்திகை பாக்குறதே அவங்கதான்.

— அப்ப... இந்தக் கல்லு?

— அது மட்டும் ஒத்திகையில இல்லீங்க. அன்னிக்கி நீங்க பேசுன பேச்சுல ரெண்டு கங்காணிக்கும் கண்ணு கலங்கிருச்சு, கட்டிப் புடிக்க எழுந்திருச்சுட்டாங்க... சமாதானம் வந்துரும்னு பயந்து, அம்மாதான் எறிஞ்சாங்க.