தொட்டியைக் காப்பாற்றியவன்

கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி ஆரோக்கியமாக இருந்தால் நாறாது ஐயா. பக்கத்தில் நின்று பார்த்தால் ஈரமண் வாசம்தான் வரும். உள்ளே பழுப்பாகக் கிடப்பதைச் சேறு என்பார்கள். அதில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். ஊரின் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை அவைதான். தெளிந்த தண்ணீர் ஆற்றில் போய்ச் சேரும். நான் அவற்றுக்குக் காற்று ஊதிவிடுகிறவன், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வந்ததும் என் பெயர் 'சாக்கடை' ஆனது. பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் தங்கை மட்டும் என்னை உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். அவள் மகள், "மாமா, குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாள். சின்னப் பெண், விளையாட்டுக்குச் சொன்னது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆறு தெளிந்து மீன் திரும்பியபோது பேப்பரில் நகரசபைத் தலைவர் படம் வந்தது. அதிலும் எனக்கு வருத்தமில்லை. யார் பாடுபட்டது என்று தொட்டிக்குத் தெரியும்.

முன்பு ஒருமுறை ஏதோ விஷம் கலந்து தொட்டி செத்துப்போனது. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாகக் கழிவைக் கொடுத்து மறுபடி வளர்த்தேன். ஒரு கோடை முழுக்கப் போயிற்று. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று காலை சாக்கடை மஞ்சளாக வந்தது. கூட நின்ற எலெக்ட்ரீசியன், "என்ன அண்ணே, ஊரே எலுமிச்சை ஜூஸ் குடிச்சிருக்கா?" என்று சிரித்தான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முலாம் பூசும் பட்டறையின் கழிவு. தொட்டிக்குள் விட்டால் அந்தச் சேறு விஷத்தைப் பெரும்பாலும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் செத்துப்போகும்.

வெள்ளக் காலத்துக்கென்று ஒரு மதகு உண்டு. அதைத் திறந்தால் வருவதெல்லாம் தொட்டிக்குப் போகாமல் நேராக ஆற்றில் விழும். அதைத் திறக்கும் சக்கரத்தில் கை வைத்தேன். எலெக்ட்ரீசியன் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணே, கீழ ஆத்துத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

"ஆறு பெருசுடா. கரைஞ்சிடும்."

அது கோடை. ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத் திறந்தேன்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, குழாயில தண்ணி லேசா மஞ்சளா வருது. பாப்பா தாகமா இருக்குங்கிறா. குடிக்கலாமா?"

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் தெருவுக்குச் சொல்லுவாள், தெரு ஊருக்குச் சொல்லும். பிறகு தொட்டியை என்னிடம் விட்டுவைக்க மாட்டார்கள். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"கொதிக்க வச்சுக் குடு," என்றேன்.

கொதிக்கவைத்தால் அந்த விஷம் போகாது ஐயா. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில், மஞ்சள் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்ததற்காக டாக்டர் திட்டியபோது தங்கை, "எங்க அண்ணன் தண்ணி வேலையில இருக்காரு. அவரைக் கேட்டுத்தான் குடுத்தேன்," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குழந்தை போன பிறகும் அவள் என் கையை விடவில்லை.

நீங்கள் பட்டறைக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் சாக்கடையில்தான் விட்டான். ஆற்றில் விட்டது நான். கேட்டவளிடம் குடிக்கக் கொடு என்று சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கூட்டி வந்ததிலிருந்து அங்கே காற்று ஊதும் மிஷினைப் பார்க்க ஆள் இல்லை. யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கள் ஐயா. வாயில்லாத உயிர்கள். சாக விட எப்படி மனசு வரும்?