செனட்டர் டாக்கெட்டுக்கு வேண்டாத பேனா

பெர்னடீன்: அட, தூணுக்குப் பின்னாடி என்ன ஒளிஞ்சு விளையாட்டு? வெளியே வாங்க செனட்டர் டாக்கெட்.

டாக்கெட்: மெதுவாப் பேசுங்க தாயே… பத்திரிகைக்காரங்க போயாச்சா?

பெர்னடீன்: கேக் வெட்டுற பக்கம் போயாச்சு. இந்தாங்க, பிடிங்க.

டாக்கெட்: ஐயையோ, பேனாவை உள்ள வைங்க! உங்க சுரங்கத் தொழிலாளர் மசோதாவை எதிர்த்து அவையில தொண்டை கிழியக் கத்தினவன் நான். கவர்னர் அதுல கையெழுத்துப் போட்ட பேனா என் பையில இருந்துச்சுன்னா, சுரங்க முதலாளிங்க சும்மா விடுவாங்களா? என் சீட்டு கிழிஞ்சுடும்.

பெர்னடீன்: கவர்னருக்குச் சின்னப் பேரு. மசோதாவுக்கு உழைச்சவங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுக்க, பேனாவோ இருபது. ஒரு எழுத்துக்கே நாலு பேனா மாத்தினாரு, பார்த்தீங்களா? கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.

டாக்கெட்: சிரிப்பை அடக்கிட்டுத்தான் நின்னேன்… ஆனா உழைச்சவங்களுக்குத்தானே பேனா? கமிட்டியில வாக்கெடுப்பு நடந்தப்ப நான் அறையிலயே இல்லையே.

பெர்னடீன்: அதான் உழைப்பு! நீங்க இருந்திருந்தா ரெண்டு பக்கமும் சமம். மசோதா அங்கயே செத்திருக்கும்.

டாக்கெட்: பாத்ரூம் போனேன்மா. வயித்துக் கோளாறு.

பெர்னடீன்: நம்பிட்டேன்… உங்க தம்பி க்ளைட் எப்படி இருக்கார்?

டாக்கெட்: …படுத்தா மூச்சு முட்டுது. நாற்காலியிலயே தூங்குறான். ஆயுசு பூரா நிலக்கரித் தூசி தின்ன நெஞ்சு. உங்க சட்டப்படி நுரையீரல் பரிசோதனை பஸ் எங்க பக்கம் வந்தா, முதல் ஆளா நிப்பேங்கிறான்.

பெர்னடீன்: வரும். சிகிச்சைச் செலவும் கம்பெனி தலையில.

டாக்கெட்: அவனுக்காக நான் கையைக்கூடத் தூக்கல, பெர்னடீன். எழுந்து போனேன், அவ்வளவுதான். நான் போன நேரம் பார்த்து வாக்கெடுப்பு வந்துச்சே… கடவுள் செயல். அவருக்குத்தான் நன்றி சொல்லணும்.

பெர்னடீன்: கடவுளுக்கும் சொல்லுங்க. ஆனா முந்தின நாளே க்ளைட் எனக்குப் போன் பண்ணிட்டார். 'அண்ணன் பயந்தவன், கையைத் தூக்க மாட்டான். ஆனா என்னையும் விட்டுட மாட்டான். கொஞ்சம் நேரம் குடுங்க, எழுந்து போயிடுவான்'னார். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் வாக்கெடுப்புக்கு விடாம மசோதாவை வரி வரியா நான் ஏன் படிச்சுட்டிருந்தேன்னு நினைச்சீங்க? உங்க ரெண்டு பேருக்கும் நான் ரொம்பக் கடமைப்பட்டவ. பேனா க்ளைட்டுக்கு… வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுங்க.