சிலாஸுக்கு வைத்திருந்த டீ

இஞ்சி டீ ஃபிளாஸ்க்கில் நான்கு மணி நேரம் சூடு தாங்கும். அதற்கு மேல் கசந்துவிடும். பட்டான்செருவிலுள்ள எங்கள் மருந்துக் கம்பெனிக்குத் தினமும் இரண்டு பேருக்கான டீ எடுத்துப்போவேன். யாருக்காவது கொடுக்காமல் நான் குடித்ததில்லை. செகந்திராபாத்தில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சார்.

சிலாஸ் என் கீழ் வேலை பார்த்தவன். குளிர்கிடங்கைக் கண்காணிக்கும் சர்வர் அவன் பொறுப்பு. அவன் மனைவி எமிக்கு வலிப்பு நோய். தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், ராமச்சந்திராபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். கரண்ட் போய் சர்வர் அணைந்தால், அங்கிருந்தே தன் கம்ப்யூட்டர் வழியாகச் சர்வரின் சர்வீஸ் கன்சோலில் நுழைந்து எழுப்பிவிடுவான்.

எனக்கு அவன்மேல் இரக்கம். துன்பப்படுகிறவன் ஆறுதல் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்குள் கிடக்கலாமா? கன்சோலில் ஒரு பக்கம் உண்டு. தொலைவிலிருந்து சர்வரை இயக்கலாமா, கரண்ட் வந்ததும் அது தானாக எழலாமா என்று இரண்டு கேள்விகள். அந்தப் பக்கத்தை மாற்றும் உரிமை எனக்கு மட்டும். இரண்டுக்கும் 'வேண்டாம்' என்று வைத்தேன். பதிவில் என் பெயர், தேவசகாயம் என்றே இருக்கும். பொய்ப் பெயரில் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் கரண்ட் போனது. சிலாஸ் ஃபோன் செய்தான்.

"அண்ணே, இந்த மெஷினுக்கு என்ன வந்துச்சு? எழுப்பினா மாட்டேன், நக்கோ நக்கோங்குது. கொஞ்சம் போயி பட்டனை அமுக்கிடுங்களேன்."

"உன் பொறுப்பு தம்பி. கம்பெனி விதின்னு ஒண்ணு இருக்குல்ல. ஷேர் ஆட்டோல இருபது நிமிஷம். வா, டீ வெச்சிருக்கேன்."

வந்தான். பட்டனை அழுத்தினான். டீயை நின்றுகொண்டே வாங்கினான். "எமி தனியா இருக்கா அண்ணே" என்றான். அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். அழுதான். அன்று வீடு திரும்பும்போது என் மனம் நிறைந்திருந்தது.

அந்தக் கோடையில் ஐந்து முறை வந்தான். பிறகு மழை பிடித்தது, கம்பெனி சர்வருக்குப் புது பேட்டரி வைத்தது; கரண்ட் போனாலும் அது அணையவில்லை. பத்து நாள் அவன் வரவில்லை. தினமும் ஒரு டம்ளர் டீயைக் கொட்டினேன்.

வாக்குமூலத்தில் ஜூலை பதினொன்றாம் தேதி மின்வெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அன்று கரண்ட் போகவில்லை. காலை பதினொரு மணிக்கு நானே சர்வரை அணைத்தேன்.

"காலையிலேர்ந்து எமிக்குச் சரியில்ல அண்ணே. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க..." என்று சிலாஸ் ஃபோனில் கெஞ்சினான்.

சர்வர் அறை என் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடி. அதன் கதவு என் விரல் ரேகைக்கும் திறக்கும்.

"பயப்படாதே, நான் ஜெபிக்கிறேன். வா" என்றேன். ஜெபிக்கவும் செய்தேன்.

அவன் வீடு திரும்பியபோது எமி குளியலறையில் வாளித் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். கல்லறைத் தோட்டத்தில் சிலாஸ் என் தோளில்தான் சாய்ந்து அழுதான். வேறு யாரிடமும் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமைக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது, சார். சிலாஸின் இடத்துக்குக் காஞ்சனா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கைக்குழந்தைக்காரி, துணைக்கு யாருமில்லை, வீட்டிலிருந்துதான் வேலை. கன்சோலில் அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் மாற்றவில்லை. அவளுக்கு இஞ்சி ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.