காரணம் தெரியாத காய்ச்சல்

மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தால்தான் எனக்கு மாலை வேலை ஓடும். கடந்த ஒன்றரை வருடமாக அதுவும் வாய்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் மாடியிலிருந்து அடுத்த கட்டு ஃபைல் வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். விசாரணை என்று வந்துவிட்டால் எல்லோரும் பணம், பகை, பயம் என்று காரணம் தேடுகிறார்கள். என்னிடம் அதெல்லாம் இல்லை. எனக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். பிரசவ வார்டிலிருந்து ஒரு தாய் வீட்டுக்குப் போனதும் அவளுடைய ஃபைல் அடித்தளத்தில் இருக்கும் என் அறைக்கு வரும். பக்கத்து அறையில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நான் ஃபைலை முழுவதும் படித்து, அவளுக்கு வந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும்; அதைத்தான் நாங்கள் கோடு என்போம். ரத்தப்போக்குக்கு ஒன்று, தையல் புண்ணில் சீழ் வைத்தால் ஒன்று, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் ஒன்று. காய்ச்சல் இருந்து காரணம் பிடிபடாவிட்டால் அதற்கும் ஒன்று உண்டு. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பிரசவ ஃபைலையும் முழுசாகப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான். டாக்டர்கள் தாங்கள் எழுதியதையே திரும்பப் பார்ப்பதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. டாக்டர் தன் கையால் நோய் என்று எழுதியதற்குத்தான் கோடு போடலாம். சீழ் வடிகிறது என்று நர்ஸ் வரிக்கு வரி எழுதியிருந்தாலும், பரிசோதனைக்கூடம் கிருமியின் பெயரையே அனுப்பியிருந்தாலும், டாக்டர் எழுதாதவரை எனக்கு அது இல்லாத நோய். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் டாக்டருக்குக் கேள்விச் சீட்டு அனுப்ப வேண்டும். இன்னின்ன இருக்கிறது, உங்கள் முடிவு என்ன என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் ஃபைலை மூடலாம்.

நானும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். என்னோடு கோடு போட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெண் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஃபைல் தலைக்கு மேல் போனது. சீட்டு அனுப்பிய ஃபைல்கள் பதில் வராமல் ஓரமாகக் குவிந்தன. ஒருநாள் மகப்பேறு பிரிவின் தலைமை டாக்டர், அவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம், என்னை மாடிக்குக் கூப்பிட்டார். சின்ன டாக்டர்களும் நர்ஸுகளும் சுற்றி நின்றார்கள்.

"கீழ உக்காந்துக்கிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க. எழுதியிருக்கிறத பதிவு பண்ணுங்க, போதும்."

குரலை உயர்த்தவில்லை. அது முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. படி இறங்கும்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் குற்றம் என்கிறீர்கள். நான் சின்ன டாக்டர்களின் அறைக்குப் போனேன். பாவம், அவர்களும் கண் எரிய எரிய எழுதிக்கொண்டிருந்தார்கள். புண், சீழ் என்றெல்லாம் அரைகுறையாக எழுதினால் நான் சீட்டு அனுப்ப வேண்டிவரும், 'பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், காரணம் தெரியவில்லை' என்று முடித்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொன்னேன். அவர்களுக்கு அப்பாடா என்றாகிவிட்டது. ஒரு பெண் டாக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வருடத்தில் இன்னொருவர் எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே டீ அதுதான்.

இப்போது சோப்பு சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நர்ஸ் அவர். பார்க்கிறவர்களையெல்லாம் கை கழுவச் சொல்வதால் அந்தப் பெயர். மாதம் பிறந்ததும் என் அறைக்கு வந்து, சீழுக்கும் ரத்தக் கிருமிக்கும் எத்தனை கோடு போட்டிருக்கிறேன் என்று கேட்பார். காரணம் தெரியாத காய்ச்சல் அவர் கணக்கில் சேராது. எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் ஆபரேஷன் அறையைப் பூட்டி, கத்தி முதல் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரம்வரை எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று என்பேன், சில மாதம் இல்லை என்பேன். மனசு குளிர்ந்துபோய், என் உள்ளங்கையிலும் கிருமிநாசினி இரண்டு சொட்டு ஊற்றிவிட்டுப் போவார். நல்ல மனுஷி. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியுமா என்று நேற்று மூன்று விதமாகக் கேட்டீர்கள். மேடம், நான் குருடன் இல்லை. காய்ச்சல் வந்தவர்களெல்லாம் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தவர்கள். எல்லோருக்கும் இரண்டாவது ஆபரேஷன் அறை. பரிசோதனைக்கூடம் அனுப்பிய தாள்களில் ஒரே கிருமி. முதல் அறையில் அறுத்தவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இயந்திரத்தின் கதவு ரப்பர் பிய்ந்து நீராவி கசிந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்த பிறகுதான் கேள்விப்பட்டேன். ஏதோ ஒன்று அந்த அறையில் சரியில்லை என்ற அளவில் தெரியும். ஆனால் தெரிவது என் வேலை இல்லை. எழுதியிருப்பதைப் பதிவு செய்வதுதான் என் வேலை, அதைப் பெரியவரே சொல்லிவிட்டார்.

எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். நான் குனிந்து வேலை பார்த்தால் முதுகு போய்விடும் என்று திட்டிக்கொண்டே காலடியில் பெருக்குவார். அவருடைய ஒரே மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் மேஜை ஓரம் வந்து நின்றார்.

"தம்பி, நீங்கதான் எல்லா ஃபைலையும் படிக்கிறீங்க. இங்க சேக்கலாமா?"

ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை எந்த ஆளிடம் கேட்க வேண்டுமோ, சரியாக அந்த ஆளிடம்தான் கேட்டார். நான் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன்.

"சேருங்கக்கா. பயப்பட ஒண்ணும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கு என் மேஜையை இரண்டு தடவை துடைத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. அக்கா எனக்குத்தான் முதலில் வந்து சொன்னார். மூக்கு மட்டும் அப்பனுடையது, மற்றதெல்லாம் எங்கள் வீட்டுச் சாயல் என்றார். பிறகு தாய்க்குக் காய்ச்சல் கண்டது. தையல் சிவந்து வீங்கியது, பேச்சு குழறியது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்னரே அந்தப் பெண் போய்விட்டாள்.

ஃபைல் என்னிடம் வந்தது. நான் சொல்லிக்கொடுத்த வாசகத்தையே சின்ன டாக்டர் அழகாக எழுதியிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்று பெரியவர் எழுதியிருந்தார். யார்தான் இதயம் நிற்காமல் இறக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் அதே கிருமி. கேள்விச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன் என்பது உண்மை. அந்தப் பெண்ணுக்காக மனசு வலித்தது என்பதும் உண்மை. ஆனால் இதற்கு மட்டும் அனுப்பினால், இதற்கு முன்னால் ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். கோடு போட்டு மூடினேன். அடுத்த ஃபைலை எடுத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். குழந்தைக்குப் புட்டிப்பால் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பெருக்கினார். பிறகு நின்றார்.

"எம் பொண்ணுக்கு என்ன நோயின்னு நீங்கதான் எழுதுவீங்களாமே தம்பி. என்ன எழுதினீங்க?"

"காரணம் தெரியாத காய்ச்சல்க்கா."

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெரிய பெரிய டாக்டருக்கே தெரியவில்லை என்றால் நான் யாரைக் குறை சொல்வது என்றார். அவருக்கு அதில் ஒரு சமாதானம் கிடைத்தது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. சோப்பு சிஸ்டர் பரிசோதனைக்கூடத் தாள்களைத் தற்செயலாகப் பார்த்து என் அறைக்கு ஓடிவரும்வரை போய்க்கொண்டிருந்தது. உங்கள் குழு பதினேழு தாய்மார்கள் என்று எழுதியிருக்கிறது. அது தவறு. இருபத்திரண்டு. அவர்களில் ஐந்து பேர் வீட்டுக்குப் போனபின் புண் பிரிந்து திரும்பி வந்தவர்கள். அவர்களைப் பொது அறுவை வார்டில் வைத்திருந்தார்கள், அதனால் உங்கள் கண்ணில் படவில்லை. இறந்தவர்கள் நான்கு பேர். அக்காவின் மகள் மூன்றாவது.

உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படி விட்டிருப்பீர்களா என்று நேற்று எழுந்து போகும்போது கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது, மேடம். அக்கா என்னிடம் கேட்ட அதே வாரம்தான் என் தங்கையையும் பிரசவத்துக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. ஊழியர் வீட்டாருக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சலுகை உண்டு என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கூட்டம் தாங்காது என்று சொல்லி, ஊரின் மறுகோடியில் வேறொரு இடத்தில் சேர்த்தேன். அக்காவிடமும் அதைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. மறுநாளே வார்டு முழுக்கப் பரவும். பெரியவர் மறுபடி மாடிக்குக் கூப்பிடுவார். அந்தப் படிகளை ஏறி இறங்கத் தெம்பில்லாமல் இருந்தேன், வேறொன்றும் இல்லை. என் தங்கையும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள்.