தறியில் வளர்ந்த மயில்

செவிலிமேடு போகும் பேருந்தில் முன் இருக்கைக் கல்லூரிப் பெண்கள் இருவரின் பேச்சை ஒட்டுக்கேட்டேன். இந்த வயதில் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் காதில் விழுந்த முதல் வரி அப்படி.

"உங்க அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள தறியில ஒரு மயிலே வளந்துடுச்சிடி. பாதி சீன் நாளைக்கு எடுக்கணும், நெய்யாதீங்கன்னு சொன்னேன் இல்ல?"

"அப்பா தறிய சும்மா போட்டுட்டு இருப்பாரா? நாம போனதும் உக்காந்துட்டாரு."

"இப்ப புடவையும் தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்தாச்சி. திரும்ப எடுக்கவும் முடியாது. நம்ம குறும்படத்த மேடம் பார்த்தா ஃபெயில்தான்."

"காலையில பார்த்துட்டாங்க. நடுவுல அம்மாவ ஒரு வரி டப்பிங் பேச வெச்சேன். 'நேத்துலேர்ந்து பேசாம நெய்துக்கினு இருக்கியே, இன்னுமா கோவம்?' அவ்ளோதான், ரெண்டு நாள் சண்டையாயிடுச்சி. கேமரா, லைட்டுன்னு என்னென்னமோ கத்துக்கினோம், காப்பாத்தினது அந்த ஒரு வரிதான்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"மயில் வளர்றத வெச்சே நாள் போறத காட்டினது நல்லா இருக்குதாம். டைரக்டர் யோசனையான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

முதலில் புலம்பியவள்தான் டைரக்டர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நான் போய் உண்மைய சொல்லிடறேன்டி."

"மேடம்கிட்ட சொல்லு. எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாத. எல்லாம் தன்னோட யோசனைன்னு தெரு பூரா சொல்லிக்கினு இருக்காரு."